ஐம்பதிலும் வளையும்: வயது வந்தபின் ஓர் அயல்மொழி

கழக்கூட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள் ஒன்றுகூடும் இடங்களில் இப்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. "இந்த வயசுல புதுசா ஒரு மொழி படிக்க முடியுமா? முடியும்னா எதைப் படிக்கலாம்?" கேட்பவர்கள் கல்லூரிப் பிள்ளைகள் அல்லர். டெக்னோபார்க்கில் பதினைந்து ஆண்டு வேலை பார்த்துவிட்ட பொறியாளர் கேட்கிறார். ஜெர்மனிக்குப் போகலாமா என்று யோசிக்கும் செவிலியர் கேட்கிறார். மகனும் மருமகளும் வெளிநாட்டில் குடியேறிவிட, பேரப்பிள்ளையைப் பார்க்க விசா எடுத்து வைத்திருக்கும் ஓய்வுபெற்ற அண்ணாச்சி கேட்கிறார். மூன்று பேருக்கும் ஒரே விடை பொருந்தாது. ஆனால் விடையைத் தேடும் வழி ஒன்றுதான். அந்த வழியைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் நாகர்கோவில் பக்கத்துக்காரன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கழக்கூட்டத்தில் குடியிருக்கிறேன். நாற்பத்தோராம் வயதில் அலுவலகத் தேவைக்காக ஜெர்மன் படிக்கத் தொடங்கி, பி1 நிலை வரை முடித்தேன். பிறகு ஆர்வத்தால் ஜப்பானிய மொழியின் தொடக்க நிலைகளையும் கற்றேன். மொழியியல் என் தொழில் அன்று. மாணவனாக உட்கார்ந்து கண்டதையும், படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே தருகிறேன்.

நாம் வாழும் இந்த வட்டாரத்துக்கும் மொழிகளுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1963 நவம்பர் 21-ஆம் நாள் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் பறந்தபோது, ராக்கெட் அமெரிக்காவுடையது, அதில் வைத்த ஆய்வுக் கருவி பிரான்சுடையது. பின்னர் சோவியத் நாட்டு எம்-100 ராக்கெட்டுகளும் அங்கிருந்து ஏவப்பட்டன. காரியவட்டம் பல்கலைக்கழக வளாகத்தில் தமிழ்த்துறையும் மொழியியல் துறையும் இருக்கின்றன. அம்மொழியியல் துறையைக் கட்டி வளர்த்த வ. அய். சுப்பிரமணியம் நாகர்கோவில் வடசேரியைச் சேர்ந்தவர். 1981-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானவரும் அவரே. அவர் தொடங்கிய பன்னாட்டுத் திராவிட மொழியியல் பள்ளி இன்றும் தும்பாவை ஒட்டி இயங்குகிறது. 1990-இல் டெக்னோபார்க் வந்தது. ஜெர்மன் காப்பீட்டு நிறுவனமான அலையன்ஸ் இங்கே அலுவலகம் வைத்தது. 2018-இல் ஜப்பானின் நிஸான் நிறுவனம் தன் டிஜிட்டல் மையத்தைத் திருவனந்தபுரத்தில் தொடங்கியது. ஆகவே அயல்மொழி நம்மைத் தேடி வாசலுக்கே வந்துவிட்டது எனலாம்.

நாம் ஏற்கெனவே ஒன்று படித்தவர்கள்

முதலில் ஓர் அச்சத்தைப் போக்கிவிட வேண்டும். "எனக்கு மொழி வராது" என்று சொல்லும் கழக்கூட்டத் தமிழர் அதைப் பெரும்பாலும் தமிழில் சொல்லிவிட்டு, அடுத்த நிமிடம் காய்கறிக்காரரிடம் மலையாளத்தில் பேரம் பேசுவார். நம்மில் பலர் இருபத்தைந்து, முப்பது வயதுக்கு மேல் கேரளம் வந்தவர்கள். வகுப்புக்குப் போகவில்லை, புத்தகம் வாங்கவில்லை. மீன் கொண்டுவரும் சேச்சியும் ஆட்டோ ஓட்டும் சேட்டனும் பிள்ளைகளின் பள்ளி டீச்சரும்தான் நமக்கு ஆசிரியர்கள். ஆறு மாதத்தில் காது பழகியது, ஒரு வருடத்தில் நாக்கு பழகியது.

"அது உறவுமொழி சார், அதனால வந்துச்சு" என்பார்கள். பாதி உண்மை. உறவுமொழிக்கே உரிய குழிகளும் உண்டு. மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். அவசரம் என்றால் வாய்ப்பு. பட்டி என்றால் நாய். பனி என்றால் காய்ச்சல். "பனி உண்டோ?" என்று மருத்துவர் கேட்க, "மார்கழியில கொஞ்சம் உண்டு" என்று ஊர்க்காரர் பதில் சொன்னதாக ஒரு வேடிக்கைக் கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். வினைமுற்றும் வேறு. நாம் போனேன், போனாய், போனார்கள் என்று ஆளுக்கொரு விகுதி சேர்ப்போம். மலையாளத்தில் ஞான் போயி, நீ போயி, அவர் போயி. விகுதியை விடுவதும் ஒரு பயிற்சிதான். இவ்வளவையும் வயது வந்தபின் கற்றுக்கொண்டோம்.

இந்த அனுபவம் மூன்று பாடங்களைத் தருகிறது. ஒன்று, தேவை இருந்தால் மொழி வரும். இரண்டு, தினமும் நம்மோடு பேசுகிற ஆள் இருந்தால் விரைவில் வரும். மூன்று, எழுத்தை விட்டுவிட்டால் ஓரிடத்தில் நின்றுபோகும். இருபது ஆண்டு மலையாளம் பேசியும் பேருந்துப் பலகையைப் படிக்கத் தெரியாதவர்கள் நம்மில் உண்டு. பிள்ளையின் பள்ளிச் சுற்றறிக்கையைப் பக்கத்து வீட்டில் காட்டி அர்த்தம் கேட்பவர்களும் உண்டு. எந்த அயல்மொழியை எடுத்தாலும் இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொள்க.

வயது ஒரு தடையா?

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்ற பழமொழியை மொழிப் படிப்புக்கு அப்படியே பொருத்திவிடுகிறோம். ஆய்வாளர்கள் சொல்வது இதைவிட நுட்பமானது. 2018-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஹார்ட்ஸ்ஹோர்ன், டெனன்பாம், பிங்கர் ஆகியோர் ஏறத்தாழ 6,70,000 பேரின் ஆங்கில இலக்கண அறிவைச் சோதித்து வெளியிட்டனர். இலக்கணத்தைத் தாய்மொழியாளர் அளவுக்கு உள்வாங்கும் திறன் 17 வயது வரை குறையாமல் இருந்து, அதன் பிறகே இறங்குகிறது என்பது அவர்கள் முடிவு. 1978-இல் நெதர்லாந்தில் டச்சு மொழி கற்ற, ஆங்கிலம் பேசும் குடும்பங்களை ஆராய்ந்த சுனோவும் ஹுஃப்னாகல்-ஹூலேயும், முதல் சில மாதங்களில் சிறு பிள்ளைகளைவிடப் பதின்பருவத்தினரும் பெரியவர்களும் வேகமாகக் கற்றதைக் கண்டனர்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகிறது. பிள்ளைகள் கடைசியில் நம்மைத் தாண்டிப் போவார்கள். உச்சரிப்பும் அவர்களுக்கே அச்சாக வரும். ஆனால் தொடக்கத்தில் பெரியவர்களுக்கு அனுகூலம் உண்டு. நமக்கு வேற்றுமை உருபு என்றால் என்னவென்று தெரியும். ஒழுங்குமுறையைச் சொன்னால் பிடித்துக்கொள்வோம். எதற்காகப் படிக்கிறோம் என்பதும் தெரியும். ஜெர்மானியரைப் போலவே பேச வேண்டும் என்பது இலக்கானால் ஐம்பதில் அது கடினம். வார்டில் நோயாளியிடம் "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டு, அவர் சொல்வதைப் புரிந்துகொள்வது இலக்கானால், வயது பெரிய தடையன்று.

வரலாற்றைப் பாருங்கள். நமக்கு வடக்கே உள்ள கொல்லத்தில் 1578-இல் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ் நூல் அச்சாயிற்று. அதை ஆக்கிய அன்றீக் அடிகளார் போர்ச்சுகீசியர். 1520-இல் பிறந்து 1546-இல் இந்தியா வந்த பிறகுதான் முத்துக்குளித்துறையில் தமிழ் கற்றார். ஹெர்மன் குண்டர்ட் 1836-இல் இந்தியா வந்த ஜெர்மானியர். முதலில் திருநெல்வேலிச் சீமையில் தமிழ் கற்றார். பிறகு தலச்சேரிக்குப் போய் மலையாளம் கற்றார். 1872-இல் வந்த அவருடைய மலையாள – ஆங்கில அகராதியை இன்றும் அறிஞர்கள் புரட்டுகிறார்கள். தமிழ் வழியாக மலையாளத்துக்குப் போனவர்களில் அவர் நமக்கு முன்னோடி.

"அவங்க இளவயசுக்காரங்க, வேற வேலையும் இல்ல" என்று சிலர் சொல்லக்கூடும். சரி, இன்னும் இருவரைப் பாருங்கள். 1913-இல் இலங்கையில் பிறந்த தனிநாயகம் அடிகள் ஐரோப்பிய மொழிகள் பலவற்றைக் கற்றபின், 32-ஆம் வயதில், 1945-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்து தமிழை முறையாகப் படித்தார். 1679-இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான புரோயன்சாவின் தமிழ் – போர்ச்சுகீசிய அகராதியை 1966-இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தவர் அவரே. இரு பக்க மொழியும் தெரிந்த ஒருவரால்தான் அந்தப் பணி கைகூடியது. மற்றொருவர் ஜப்பானியப் பேராசிரியர் சுசுமு ஓனோ. 1919-இல் பிறந்தவர். அறுபதை ஒட்டிய வயதில் தமிழைக் கையில் எடுத்து, சென்னைக்கும் வந்து தமிழறிஞர்களோடு பணியாற்றினார். தமிழும் ஜப்பானியமும் உறவுமொழிகள் என்ற அவருடைய கொள்கையைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. ஆனால் அறுபதில் ஒரு புதிய மொழியைத் தொடங்கலாம் என்பதற்கு அவரே சாட்சி.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இங்கேதான் பணமும் காலமும் வீணாகின்றன. "எது ஈஸி?", "எதுக்கு டிமாண்ட் அதிகம்?" என்ற இரண்டு கேள்விகளோடு தொடங்குபவர்கள் நடுவழியில் நின்றுவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவற்றுக்கு முன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் கேள்வி: அந்த மொழியில் என்னிடம் பேசப்போவது யார்? பெயர் சொல்ல முடியவேண்டும். வாரந்தோறும் அழைப்பில் வரும் ஜெர்மன் வாடிக்கையாளர், வேலைக்குச் சேரப்போகும் மருத்துவமனையின் நோயாளி, மகன் வீட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒருவராவது வேண்டும். யாருமே இல்லையென்றால் அந்த மொழியில் உள்ள திரைப்படமோ கதையோ பாட்டோ நம்மை இழுக்க வேண்டும். இரண்டும் இல்லாத மொழி மூன்றாம் மாதத்தில் கைவிட்டுப் போகும்.

இரண்டாம் கேள்வி: எந்த நிலை வரை வேண்டும்? ஐரோப்பிய மொழிகளுக்கு ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகள் உண்டு. ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட அளவுகோல் இது. ஜெர்மனியில் செவிலியராகத் தகுதி ஏற்பு பெறப் பொதுவாக பி2 வேண்டும். ஜெர்மனியில் இருக்கும் கணவனோடோ மனைவியோடோ சேர்ந்து வாழப் போகிறவருக்குப் பொதுவாக ஏ1 போதும். நீல அட்டை வைத்திருப்பவரின் துணைக்கு அதுவும் கட்டாயமில்லை. 2024 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த வாய்ப்பு அட்டைக்கு ஜெர்மன் ஏ1 அல்லது ஆங்கிலம் பி2 கேட்கிறார்கள். ஜப்பானிய மொழிக்கு என்5-இல் தொடங்கி என்1 வரை ஐந்து படிகள், ஆண்டுக்கு இருமுறை, ஜூலையிலும் டிசம்பரிலும் தேர்வு. தேவை ஏ1 என்றால் சில மாதம், பி2 என்றால் ஒன்றரை இரண்டு வருடம். தேவை தெரியாமல் சேர்ந்தால் போதாமலும் போகும், மிஞ்சியும் போகும்.

மூன்றாம் கேள்வி: என்னிடம் எத்தனை மணி நேரம் இருக்கிறது? கோதே நிறுவனம் தரும் கணக்குப்படி பி1-க்கு 350 முதல் 650 வரை, பி2-க்கு 600 முதல் 800 வரை பாட அலகுகள் தேவை. ஓர் அலகு 45 நிமிடம். 600 அலகு என்றால் 450 மணி. தினமும் ஒரு மணி நேரம், ஞாயிறு விடாமல் உட்கார்ந்தால் 450 நாள், அதாவது பதினைந்து மாதம். வீட்டுப்பாடம் தனி. ஆகவே மூன்று மாதத்தில் பி2 என்று யாராவது விளம்பரம் செய்தால், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள். முழுநேரமாகப் படிக்க முடிந்த இளைஞருக்கே அது பெரும்பாடு. எட்டு மணி நேரப் பணியும் இரவுப் பணியும் பார்க்கும் செவிலியருக்கு நடக்கிற காரியமன்று.

நான்காம் கேள்வி: ஆசிரியரும் தேர்வும் எட்டும் தூரத்தில் உண்டா? இந்த விஷயத்தில் திருவனந்தபுரத்துக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஜெர்மனுக்குக் கோதே சென்ட்ரம், பிரெஞ்சுக்கு அலியான்ஸ் பிரான்சேஸ், ரஷ்யனுக்கு ரஷ்யப் பண்பாட்டு மையம் என மூன்றும் நகரிலேயே இருக்கின்றன. ஜப்பானிய மொழிக்குச் சென்னையில் ஏபிகே – ஏஓடிஎஸ் தோசோகாய் நெடுங்காலமாக வகுப்பு நடத்துகிறது.

வேலைக்காகப் போகிறவர்கள் அரசு வழிகளை முதலில் விசாரிப்பது நல்லது. 2021 டிசம்பரில் கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ் ஜெர்மன் அரசின் வேலைவாய்ப்பு அமைப்போடு செவிலியர்களுக்காக ஒப்பந்தம் செய்தது. 'டிரிபிள் வின்' எனப்படும் அத்திட்டத்தில் பி1 வரை இங்கேயே பயிற்சி, பி2 ஜெர்மனி சென்ற பிறகு. தமிழ்நாட்டில் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் உள்ளது. வீட்டை அடகு வைத்துத் தரகரிடம் பணம் கொடுக்குமுன் இந்த இரண்டு வாசலையும் தட்டிப் பாருங்கள்.

தமிழருக்கு எது எளிது?

அமெரிக்க அரசு தன் தூதரக அலுவலர்களுக்கு மொழி கற்பிக்கும் நிறுவனம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பிரெஞ்சுக்கு சுமார் 30 வாரம், ஜெர்மனுக்கு 36 வாரம், தமிழுக்கு 44 வாரம், ஜப்பானியத்துக்கு 88 வாரம். இதைப் பார்த்துவிட்டு "ஜப்பானியம் ரொம்பக் கஷ்டமாமே" என்று நம்மவர்கள் பின்வாங்குகிறார்கள். ஆனால் அது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்குப் போட்ட கணக்கு. நாம் 44 வாரப் பாடத்தைத் தாயின் இடுப்பிலேயே முடித்தவர்கள். நமக்குக் கணக்கு வேறு.

ஜப்பானிய வாக்கியம் தமிழைப் போலவே எழுவாயில் தொடங்கி வினையில் முடியும். உருபு பெயருக்குப் பின்னால் வரும். கேள்வி கேட்க நாம் 'ஆ' சேர்ப்பதுபோல அவர்கள் கடைசியில் 'கா' சேர்ப்பார்கள். ஆண்பால் பெண்பால் தொல்லை இல்லை. வினையெச்சம் வரும் இடத்தில் தமிழர் முகம் மலர்ந்துவிடும். வீட்டைவிட்டுக் கிளம்பும் ஜப்பானியர் "இத்தே கிமாஸ்" என்பார். சொல்லுக்குச் சொல் "போயிட்டு வர்றேன்" என்பதேதான். "தபேதே மிரு" என்றால் "சாப்பிட்டுப் பார்". மிரு என்பது பார்ப்பதுதான். "காய்தே ஒகு" என்றால் "எழுதி வை". ஒகு என்பது வைப்பதுதான். "யோந்தே ஷிமாவு" என்றால் "படித்துவிடு". ஆங்கிலேயர் வாரக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இந்த இடத்தை நாம் ஒரு மாலையில் கடந்துவிடலாம். உயிரெழுத்தில் தொடங்கி, பிறகு மெய்களை வரிசைப்படுத்தும் அவர்கள் அட்டவணைகூட வடமொழி எழுத்துமுறையின் வழி அமைந்தது. இந்த ஒற்றுமையெல்லாம் உறவைக் காட்டாது. கொரிய, துருக்கி மொழிகளிலும் இத்தகைய அமைப்பு உண்டு. உறவு இல்லாவிட்டாலும் நமக்கு உதவி உண்டு.

கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. ஹிரகானா 46, கதகானா 46 எழுத்துகளை ஒரு மாதத்தில் பழகலாம். அதன்பின் கன்ஜி நிற்கிறது. அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று ஜப்பானிய அரசு வகுத்த பட்டியலில் 2,136 கன்ஜி எழுத்துகள் உள்ளன. பேச்சில் தமிழருக்கு ஜப்பானியம் நட்பானது, எழுத்தில் யாவருக்கும் மலைதான். இன்னொன்று, ஜப்பானியத் திறன் தேர்வில் பேச்சுத் தேர்வே இல்லை. என்3 முடித்தும் வாய் திறக்கத் தயங்குபவர்கள் உண்டு. பேச்சுக்குத் தனியே வழி தேட வேண்டும்.

ஜெர்மனில் நிலைமை மறுதலை. எழுத்து நமக்குத் தெரிந்த ரோமன் எழுத்து. எழுதியதை ஏறத்தாழ அப்படியே படிக்கலாம். வேற்றுமை நான்குதான். எட்டு வேற்றுமை படித்தவர்களுக்கு நான்கு பெரிதல்ல. நீ என்பதற்கு 'டூ', நீங்கள் என்பதற்கு 'ஸீ'. மரியாதைக்குப் பன்மை வினை போடுவது நமக்குப் பழக்கமானதே. துணை வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போகும். "இஷ் வைஸ், தாஸ் ஏர் ஹோய்ட்ட கொம்ட்" என்பதில் 'கொம்ட்' என்ற 'வருகிறான்' கடைசியில் நிற்கிறது. "அவன் இன்று வருகிறான் என்று எனக்குத் தெரியும்" என்று சொல்லிப் பழகியவருக்கு அதில் வியப்பு என்ன?

ஜெர்மனில் நம்மைப் படுத்துவது பால். நமக்குக் கரண்டியும் கத்தியும் அஃறிணை. அவர்களுக்குக் கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லாத மூன்றாம் பால். இதற்குக் காரணம் கேட்டுப் பயனில்லை. ஒவ்வொரு பெயரையும் அதன் சுட்டோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். எண்ணிலும் ஒரு திருப்பம் உண்டு. இருபத்தொன்றை அவர்கள் "ஒன்றும் இருபதும்" என்று சொல்வார்கள். தொலைபேசி எண் எழுதிக்கொள்ளும்போது கை தடுமாறும்.

பிரெஞ்சில் எழுதுவதற்கும் ஒலிப்பதற்கும் தூரம் அதிகம். ஆங்கிலச் சொற்களோடு உறவும் அதிகம், ஆகவே படிக்க விரைவில் வரும், கேட்டுப் புரியத் தாமதமாகும். அரபு மொழியில் நூல்வழக்கும் பேச்சுவழக்கும் வெகுதூரம் விலகி நிற்கின்றன. செந்தமிழும் பேச்சுத் தமிழும் அறிந்த நமக்கு அந்த இரட்டைவழக்கு புதிதல்ல. வளைகுடாவுக்குப் போகிறவர் எந்த நாட்டுப் பேச்சு தமக்கு வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

எப்படிக் கற்பது?

தேர்ந்தெடுத்தாயிற்று. இனி முறை. என் அனுபவத்திலும் உடன் படித்தவர்கள் அனுபவத்திலும் பயன் தந்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

1. நேரத்தைக் கட்டிப்போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் படிப்பதைவிடத் தினமும் நாற்பது நிமிடம் மேல். 1885-இல் ஜெர்மன் அறிஞர் எபிங்ஹவுஸ் தம் நினைவையே சோதித்து, கற்றது முதல் நாளிலேயே பெருமளவு மறந்துபோகிறது என்று காட்டினார். இடைவெளிவிட்டுத் திரும்பப் படித்தால் மறதி குறையும் என்பதும் அவர் கண்டதே. மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று திரும்பிப் பாருங்கள்.

2. சொல்லாகப் படிக்காமல் வாக்கியமாகப் படியுங்கள். மலையாளம் நமக்கு அப்படித்தான் வந்தது. "எத்ரயா?" என்ற ஒற்றை வாக்கியத்தோடு சந்தைக்குப் போனவர்கள்தானே நாம்? புது மொழியிலும் நமக்கு நாளும் வேண்டிய ஐம்பது வாக்கியங்களை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

3. அந்த மொழியின் எழுத்திலேயே எழுதுங்கள். நான் இக்கட்டுரையில் தமிழெழுத்தில் தந்திருப்பது படிக்கும் வசதிக்காகவே. ஜெர்மனில் 'பாக்கன்' என்றால் சுடுவதா, மூட்டை கட்டுவதா என்பது முதல் ஒலி அதிர்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது. தமிழெழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'பா'தான். இங்கே மலையாள எழுத்து தெரிந்தவர்களுக்கு ஓர் ஆதாயம். 'ப'வையும் 'ப'வின் அதிர்வொலியையும் பிரித்து எழுதும் பழக்கம் அவர்களுக்கு இருக்கிறது.

4. வாய்விட்டுப் படியுங்கள். ஒலிப்பதிவைக் கேட்டு, அதன் பின்னாலேயே நிழல்போலச் சொல்லிக்கொண்டு போங்கள். வீட்டில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

5. சீக்கிரமே பேச ஆள் தேடுங்கள். கழக்கூட்டத்தில் ஒரே அலுவலகத்தில், ஒரே குடியிருப்பில், ஒரே மொழி படிக்கும் நாலு பேர் கிடைப்பது அரிதல்ல. வாரம் ஒருநாள் அரை மணி நேரம் தமிழும் ஆங்கிலமும் கலக்காமல் பேசுவது என்று வைத்துக்கொள்ளலாம்.

6. தேர்வுக்குப் பதிவு செய்யுங்கள். தேதி குறித்துவிட்டால் சோம்பல் ஓடிப்போகும்.

"கைப்பேசியே மொழிபெயர்த்துச் சொல்லிடுதே, இனிமே எதுக்கு மொழி?" என்றும் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. கடைப் பலகை படிக்கவும் கடிதம் புரிந்துகொள்ளவும் அந்தக் கருவி போதும், தாராளமாகப் பயன்படுத்துங்கள். பயிற்சிக்கும் அது நல்ல துணை. ஆனால் விசா அலுவலகம் சான்றிதழைக் கேட்கும், கருவியைக் கேட்காது. நடு இரவில் மூச்சுத் திணறும் முதியவர் தம் வட்டார வழக்கில் சொல்லும் இரண்டு வார்த்தையைப் புரிந்துகொள்ளச் செவிலியருக்குக் காதுதான் வேண்டும். உடன் வேலை செய்கிறவர்கள் சாப்பாட்டு மேசையில் சிரிக்கும்போது சேர்ந்து சிரிக்கவும் அதுதான் வேண்டும்.

வீட்டில் தமிழ்

கடைசியாக, வெளிமாநிலத் தமிழராகிய நமக்கே உரிய ஒரு விஷயம். புது மொழி படிக்கத் தொடங்கியதும் சில வீடுகளில் முதலில் குறைவது தமிழ். "வீட்டுல ஜெர்மன்லயே பேசிப் பழகுவோம்" என்று ஆர்வத்தில் தொடங்கி, பிள்ளைகளோடு அரைகுறை ஜெர்மனும் ஆங்கிலமும் பேசுகிறார்கள். பள்ளியில் மலையாளம், பாடத்தில் ஆங்கிலம். கேரளத்தில் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை மலையாளமும் உண்டு. எஞ்சிய ஒரே இடம் வீடு. அங்கும் தமிழை எடுத்துவிட்டால் பிள்ளைக்குத் தமிழ் வரும் வழி எது? பெற்றோரின் ஜெர்மன் பயிற்சிக்கு அடுத்த அறை இருக்கிறது, நண்பர் இருக்கிறார், வகுப்பு இருக்கிறது. பிள்ளையின் தமிழுக்கு நம்மைத் தவிர ஆளில்லை.

பேரனைப் பார்க்கப் போகும் அண்ணாச்சிக்கு நான் சொல்லும் விடையும் இதிலேயே அடங்கும். ஏ1 படியுங்கள். ரொட்டிக் கடையிலும் பேருந்திலும் குழந்தைகள் பள்ளி வாசலிலும் அது கைகொடுக்கும். மருமகளை எதிர்பார்த்து வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டியதில்லை. பேரன் ஜெர்மனில் சொல்வதும் ஓரளவு புரியும். ஆனால் பதில் தமிழில் சொல்லுங்கள். அந்த ஊரில் அவனுக்கு ஜெர்மன் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கதை சொல்லி, சோறூட்டி, தமிழில் கோபித்துக்கொள்ள ஒரு தாத்தாதான் இருக்கிறார்.

பொறியாளருக்கும் செவிலியருக்கும் விடை அவரவர் போடும் கணக்கில் இருக்கிறது. யாரோடு பேச வேண்டும், எந்தப் படி வரை, எத்தனை மணி நேரம், எங்கே ஆசிரியர் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நான்குக்கும் விடை கிடைத்தால், வயதைப் பற்றிக் கவலைப்படாமல் வரும் திங்கட்கிழமையே தொடங்கலாம். ஒன்றுக்காவது விடை கிடைக்கவில்லையென்றால் பணம் கட்டுவதைத் தள்ளிப்போட்டு, அந்த நேரத்தில் மலையாள எழுத்தைப் படித்து முடியுங்கள். ஐம்பத்தாறு எழுத்துக்குள் அடங்கும் வேலைதான், தினமும் கண்ணெதிரே பேருந்துப் பலகை பாடம் நடத்தும். அடுத்த மொழிக்கு அதைவிட நல்ல ஒத்திகை வேறில்லை.